ஐந்தாவது படுக்கை

கேரவனின் முன்ஜன்னலுக்குக் கீழே, இடது மூலையில், டிரிகா கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். அழுத்தும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். பளபளப்பைப் பார்த்தால் கண் மயங்கிவிடும், விரல் மயங்காது என்பது அவர் கட்சி. சுவர் தாங்கினால் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த மூலைக்கு நகர்ந்துவிடுவார். அமுங்கினால், விரலை எடுக்காமலே விற்பவரைக் கூப்பிடுவார்.

"இங்க வாங்க. இது சுவரா, பால்ல ஊறவெச்ச ரொட்டியா?"

ட்ரெந்தே மாகாணத்தில் கால்வாய்க்கு இந்தப் பக்கம், காரில் கட்டி இழுத்துப் போகிற பழைய கேரவன் வாங்க நினைக்கிற குடும்பம் எதுவும் டிரிகாவைக் கேட்காமல் வாங்குவதில்லை. கேரவன் முன்னால் கட்டும் கூடாரத் துணியைத் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். கிழிந்த துணியோடு வருகிறவர்கள் கேரவனின் கதையையும் கொண்டுவருவார்கள்: எங்கே ஒழுகிற்று, எந்த மலைச்சரிவில் பிரேக் பிடிக்கவில்லை, எந்தக் கட்டிலில் யாருக்குக் கால் நீட்ட முடியவில்லை. நாற்பது வருஷமாகத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இதையே கேட்டவருக்கு ஒரு கேரவனைப் பார்த்ததும் அது எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்துவிடுகிறது. சனிக்கிழமைகளில், ஏப்ரல் மே மாதங்களில், கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்வார். கூலி ஒரு துண்டு ஆப்பிள் கேக். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுக்கவிட்டு உடனே மூடுகிற வீடுகளில் அந்த ஒன்றையும் தொடமாட்டார்.

அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி. குள்ளம். குட்டையாக வெட்டிய நரைமுடி. தோளில் ஒரு கான்வாஸ் பை. அதற்குள் டார்ச், கைக்கண்ணாடி, குளியலறையில் நின்று எடை பார்க்கிற தராசு, அளவாக அறுத்த துடைப்பக் கட்டை. கேரவனின் இணைப்புக் கொக்கியைத் துடைப்பக் கட்டையின் மேல் நிறுத்தி, கட்டையைத் தராசின் மேல் நிறுத்திப் பார்ப்பார். மூக்கு எத்தனை கிலோ கனக்கிறது என்று தராசு சொல்லும். அதிகம் கனத்தால் காரின் பின்பக்கம் படுத்துவிடும். குறைந்தால் கேரவனின் வால் ஆடும்.

வால் ஆடிய கதை ஒன்றை எல்லோருக்கும் சொல்வார். பிரான்சுக்குப் போன ஒரு தம்பதி. அங்கே உருளைக்கிழங்கு சரியில்லை என்று மூன்று வாரத்துக்கான கிழங்கு மூட்டையும், அங்கே காபி கசக்கும் என்று பத்துப் பொட்டலம் காபியும், பிள்ளைகளின் ரொட்டியில் தூவச் சாக்லெட் துருவல் ஒரு பெட்டியும் ஏற்றினார்கள். எல்லாவற்றையும் கேரவனின் கடைசி மூலையில் வைத்துப் பூட்டினார்கள். பெல்ஜியம் தாண்டுவதற்குள் கேரவன் பாம்பாக நெளிந்து, நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை.

"உலகத்துல எங்க வேணா போவோம். ஆனா நம்ம கிழங்க விட்டுட்டுப் போகமாட்டோம்" என்று முடிப்பார். கேட்கிறவர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வரும்: "நீங்க கிழங்க எங்க வைக்கறீங்க?"

டயரைப் பார்க்கும்போது ரப்பரின் பள்ளத்தைப் பார்க்கமாட்டார். பக்கவாட்டில் சின்னதாக அச்சடித்த நான்கு எண்களைத் தேடுவார். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். ஆண்டில் மூன்று வாரம் மட்டும் ஓடுகிற டயர் தேயாது, நின்றே கிழமாகும். "புதுசு மாதிரி இருக்கே" என்று யாராவது சொன்னால், "நானும்தான் இருக்கேன்" என்பார்.

ராசி, சகுனம் என்று பேச்செடுத்தால் அவர் முகம் மாறிவிடும். அதற்குக் காரணம் உண்டு. அவர் எந்தக் குடியில் பிறந்தவர் என்று தெரிந்தவுடன் சில பெண்கள் குரலைத் தாழ்த்தி உள்ளங்கையை நீட்டுவார்கள். "உங்க ஆளுங்களுக்குத் தெரியுமாமே. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்." படித்தவர்கள், பள்ளியில் விஞ்ஞானம் சொல்லித் தருகிறவர்கள்கூட நீட்டியிருக்கிறார்கள். டிரிகா கையைப் பிடித்து, டார்ச் அடித்து, நிதானமாகப் பார்ப்பார்.

"அழுக்கு இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவுங்க, போயிடும்."

அவருடைய சோதனைகளில் கடைசியானதுதான் ஊரெங்கும் பிரசித்தம். சுவர், தரை, டயர், எடை எல்லாம் தேறிய பிறகு, வாங்கப்போகிற குடும்பத்தை மொத்தமாக உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். முக்கால் மணி நேரம். கைப்பேசிகள் அவருடைய கான்வாஸ் பைக்குள். வெளியே நல்ல வெயில் அடித்தாலும் உள்ளே மழைநாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். "வெயில்ல எல்லாக் கேரவனும் நல்ல கேரவன்தான். மூணு வாரத்துல எட்டு நாள் மழை பெய்யும். அந்த எட்டு நாளுக்குத்தான் கேரவன் வாங்கறீங்க." ஒரே ஒரு விதி: அதில் படுக்கப்போகிற எல்லோரும் உள்ளே இருக்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் சோதனை செல்லாது. பல்லாயிரம் கொடுத்து வாங்கவிருந்த ஒரு குடும்பம் பத்தாவது நிமிஷத்தில் கதவைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, அந்த ஆண்டு ஓட்டலுக்குப் போயிருக்கிறது. டிரிகாவுக்கு அது வெற்றிதான்.

அந்த முக்கால் மணியும் அவர் வெளியேதான் நிற்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, பூட்ஸ் காலை அகட்டி வைத்துக்கொண்டு.

பூட்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். கணுக்கால்வரை ஏறுகிற கறுப்புத் தோல் பூட்ஸ். கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கியிருப்பார். கேரவனுக்குள் ஏறும்போது அதைக் கழற்றமாட்டார். ஆஸ்பத்திரியில் போடுகிற நீல பிளாஸ்டிக் உறையைப் பூட்ஸின் மேலேயே மாட்டிக்கொண்டு ஏறுவார். வீட்டுக்காரர்கள் "கழட்டிட்டு வாங்களேன், சௌகரியமா இருக்கும்" என்றால், "என் செருப்பு என் கால்லதான் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

டிரிகா பிறந்தது சக்கரத்தின் மேல் இருந்த வீட்டில். அப்பா கத்தி சாணை பிடிப்பார், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவார். அம்மா, டிரிகா, எட்டு வயது இளைய தம்பி நெலிஸ். கால்வாய்க்கரையில் ஒன்பது வண்டிவீடுகள் இருந்தன. அவர்களுடையது பாலேட்டு நிறம், பச்சை ஓரம். நடுவில் இரும்பு அடுப்பு. அதன்மேல் நீல எனாமல் காபிக் கெண்டி. காலையில் ஏறினால் படுக்கும்வரை இறங்காது. மேல்தட்டில் டிரிகாவின் படுக்கை. கூரை மூக்குக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும். மழை முதலில் அவளுக்குத்தான் சொல்லும், பிறகுதான் ஊருக்குச் சொல்லும். தூறலா, சாரலா, ஆலங்கட்டியா என்று கண்ணை மூடியபடியே அறிவிப்பாள், கீழ்ப்படுக்கையிலிருந்து தம்பி "நிக்கப் போவுதா?" என்பான். "இன்னும் ரெண்டு கெண்டி காபி ஆகும்" என்பாள்.

வீட்டுக்குள் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. கழற்றி வாசலில் கிடக்கும் மரப்படியில் வைக்கவேண்டும், அதுவும் மூக்கு தெருவைப் பார்க்கும்படி. அம்மா இதில் ராணுவம். விருந்தாளியின் செருப்பு மட்டும் வீட்டைப் பார்த்து இருக்கலாம். வண்டிவீட்டுக்காரர்களின் செருப்பு வெளியே பார்த்துத்தான் இருக்கவேண்டும். எந்த நேரத்தில் யார் வந்து "கிளம்புங்கள்" என்பார்கள் என்று சொல்லமுடியாது. குனிந்து தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. இடம் விட்டு இடம் விரட்டப்பட்டவர்கள் மூன்று தலைமுறையாகக் கற்ற பாடம் இது. பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் இதைக் கற்றார்கள்.

அவர்கள் ஒரு மார்ச் மாதக் காலையில் வந்தார்கள். டிரிகாவுக்குப் பதினேழு, நெலிஸுக்கு ஒன்பது. ஊர்ச்சபையின் அதிகாரி கையில் கோப்போடு நின்றார். செங்கல் வீடு தயாராக இருக்கிறதாம், குழாயில் வெந்நீர் வருமாம், நன்றி சொல்லவேண்டுமாம். "காபி அடுப்புல இருக்குங்க" என்றாள் அம்மா. "அங்கே புது அடுப்பு இருக்கிறது" என்றார் அவர். டிராக்டரை வண்டியில் கோத்தவன் வழியில் கிடந்த மரப்படியைக் காலால் தள்ளிவிட்டான். நான்கு ஜோடிச் செருப்புகளும் ஓடையில் விழுந்தன. ஏழு மீட்க முடிந்தது. எட்டாவது டிரிகாவின் இடதுகால் செருப்பு. அது சேற்றோடு போயிற்று. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஈரக் காலுறையுமாக அவள் அந்தச் செங்கல் தெருவில் நடந்து போனாள். திரையில்லாத பெரிய ஜன்னல்களுக்குப் பின்னால் ஜனங்கள் காபி குடித்துக்கொண்டே பார்த்தார்கள். வண்டிவீட்டை அன்று மாலையே உடைத்துவிட்டார்கள்.

அதே நாடுதான். ஜூலை பிறந்தால் பாதி நாடு சக்கரத்தின் மேல் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு தெற்கே போகிறது. அதே நான்கு சுவர், அதே இரண்டு சக்கரம், அதே அடுப்பு. மூன்று வாரம் அதில் இருந்தால் அதற்குப் பெயர் விடுமுறை. வருஷம் முழுக்க இருந்தால் அதற்குப் பெயர் தொல்லை. ஆறு வருஷத்துக்கு முன் நெலிஸ் ஒரு விடுமுறை முகாமுக்குத் தொலைபேசியில் கூடாரம் போட இடம் கேட்டான். இடம் இருக்கிறது என்றார்கள். குடும்பப் பெயரைச் சொன்னான். இருங்கள், பார்க்கிறோம் என்றார்கள். பிறகு நிறைந்துவிட்டது என்றார்கள். மனைவி தன் பிறந்த வீட்டுப் பெயரில் மறுபடி கேட்டபோது இடம் இருந்தது. எந்த நியாய சாத்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆயிரம் குடும்பங்களுக்குக் கேரவன் தேர்ந்து கொடுத்த டிரிகா, அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு ஒரு பொழுதுகூடச் சக்கரத்தின் மேல் படுத்ததில்லை. அன்று நடந்ததைத் தம்பியின் பெண்களுக்குச் சொன்னதும் இல்லை.

பிப்ரவரியில் அவர் பிறந்தநாள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தபோது நெலிஸ் ஆரம்பித்தான்.

"அக்கா, இந்த வருஷம் கேரவன் வாங்கப் போறோம்."

"நல்லது. பாத்துத் தர்றேன்."

"நீயும் கூட வர்ற. மூணு வாரம்."

"பாத்துத் தர்றேன்னுதான் சொன்னேன். படுக்கறேன்னு சொல்லல."

"எனக்கு அப்ப ஒம்பது வயசு. பாதி மறந்துபோச்சு. எம் பொண்ணுங்க கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. உங்கிட்டதான் இருக்கு."

"கேக் சாப்பிடு" என்றார் டிரிகா.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. நெலிஸ், அவன் மனைவி ஃபெம்கே, பதினான்கு வயது இல்சா, பத்து வயது யோரின், கான்வாஸ் பையோடு டிரிகா. ஐந்து பேரும் ஒரே காரில்.

முதல் கேரவன் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருந்தது. தார்ப்பாயை இழுத்ததும் நெலிஸ் "அய்யோ" என்றான். பாலேட்டு நிறம், பச்சை ஓரம். உருண்ட தோள்கள். உள்ளே மர அலமாரி, பூவேலைத் திரை, ஒரு குட்டி இரும்பு அடுப்பு. கதவுக்கு மேல் ஒரு குதிரை லாடம்.

"ராசியான வண்டிங்க. ஒரு டயர்கூட வெடிச்சதில்ல" என்றார் பண்ணைக்காரர்.

நெலிஸ் உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, வாசனை வருதா? நம்ம வீட்டு வாசனை."

டிரிகாவுக்கும் வந்தது. நீல உறைகளை மாட்டிக்கொண்டு ஏறியவுடனே வந்தது. மர மெழுகு, பழைய புகை, ஈரக் கம்பளி. ஒரு கணம் அவர் கை, நீலக் கெண்டி இருக்கவேண்டிய இடத்தை நோக்கிப் போயிற்று. பிறகு மூலைக்குத் திரும்பி, முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை அழுத்தினார். விரல் நகம்வரை உள்ளே போயிற்று.

"நெலிஸ், இங்க வா. உன் விரல வை."

"வேணாம்."

"வை."

வைத்தான். எடுத்தபோது விரலில் பழுப்பாகச் சக்கை ஒட்டியிருந்தது.

"உனக்கு அம்மா வேணும். இவரு விக்கறது பூஞ்சை. ரெண்டுக்கும் ஒரே வாசனைதான்டா, என்ன பண்றது?" என்றார் டிரிகா. குரலில் கேலி இல்லை. பண்ணைக்காரரிடம் திரும்பியபோதுதான் அது வந்தது. "லாடத்த ஜன்னலுக்குக் கீழ மாட்டிப் பாருங்க. ஒழுகறது கூரை இல்ல, முன்ஜன்னல்."

இரண்டாவது கேரவன் ஒரு விற்பனையாளரின் திடலில். நீளம் ஏழு மீட்டர். நிலையான இரட்டைக் கட்டில், குளியலறை, தொலைக்காட்சி. தலைமுடியைப் படிய வாரிய இளைஞன் ஒருவன் விடாமல் பேசினான். யோரின் ஏற்கெனவே ஒரு கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்களேன்" என்றாள் ஃபெம்கே ஆசையோடு.

டிரிகா கேரவனின் எடைத் தகட்டைப் படித்தார். நெலிஸிடம் கார்ப் பத்திரத்தை வாங்கி, எத்தனை கிலோ இழுக்கலாம் என்ற வரியில் விரல் வைத்தார்.

"உன் கார் இத இழுக்காது. இறக்கத்துல இதுதான் உன் கார இழுக்கும்."

"கொஞ்சம்தானே மேடம் அதிகம்" என்றான் இளைஞன். "எல்லாரும் ஓட்டறாங்க."

"ஓட்டறாங்க தம்பி. பள்ளத்துக்குள்ள இருந்து எட்டிப் பாக்கறவங்களும் இருக்காங்க."

மூன்றாவது கேரவனை ஹார்ம் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டில் பார்த்தார்கள். வெள்ளைப் பெட்டி. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், முன்னால் மேசையை இறக்கினால் இருவருக்கான படுக்கை. கதவுக்கு எதிரே இருந்த பக்கவாட்டு இருக்கையை நீட்டினால் ஒற்றைப் படுக்கை.

"கூரை ஜன்னல் ஒருதடவை ஒழுகிச்சு" என்றார் ஹார்ம், யாரும் கேட்பதற்கு முன்னால். "ரப்பர் மாத்தினேன். எதுக்கும் பாத்துக்கங்க."

டிரிகா ஃபெம்கேயிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த வீட்ல கேக் சாப்பிடலாம்."

மூலைகள் எட்டும் தாங்கின. தரையில் குதிகாலால் குத்தினார், முனகல் இல்லை. டயருக்கு இரண்டே வயது. கேரவனை நடைபாதைக்கு இழுத்துவந்து துடைப்பக் கட்டையில் நிறுத்தினார்கள். தராசின் முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. பிறகு டேப் எடுத்து ஒவ்வொரு படுக்கையாக அளந்தார்கள். நெலிஸ் பக்கவாட்டுப் படுக்கையை நீட்டி, அதையும் அளந்தான்.

"இது எதுக்கு? நாலு பேருக்கு நாலு இருக்கே" என்றார் டிரிகா.

"ஒரு மீட்டர் எம்பத்தஞ்சு" என்றான் நெலிஸ். "குள்ளமா ஒருத்தங்களுக்குத் தாராளமாப் போதும்."

"மடிச்சு வை. உள்ள போங்க. முக்கால் மணி நேரம். போனைக் குடுங்க."

நான்கு பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. டிரிகா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். ஹார்ம் காபி போடப் போனார்.

ஏழாவது நிமிஷத்தில் மழை வந்தது. நாற்பது வருஷச் சோதனையில் உண்மையாகவே மழை வந்தது ஐந்தாறு தடவைதான். முதலில் தகரத்தில் கடுகு வெடிப்பதுபோல நான்கைந்து துளி. அப்புறம் மொத்தமாக. டிரிகா நகரவில்லை. தலைமுடி நெற்றியில் ஒட்டியது. ஜன்னல் வழியே நான்கு தலைகள் சீட்டாட்டத்தின் மேல் குனிந்திருப்பது தெரிந்தது. ஃபெம்கே எதற்கோ சிரித்தாள். யாரும் யாரையும் இடிக்காமல் கை நீட்ட இடமிருந்தது. நல்ல கேரவன். தேறிவிட்டது. சொல்லிவிட்டுப் போகலாம்.

ஜன்னல் மேல்வாக்கில் திறந்தது. யோரின் தலையை நீட்டினாள். "அத்தை, உள்ள வாங்க. முழுசா நனையறீங்க."

"சோதனை நடக்குது. மூடு, தண்ணி வரும்."

அவள் தலைக்கு மேல் நெலிஸின் தலை வந்தது. "அக்கா, சோதனை செல்லாது."

"ஏன் செல்லாது?"

"படுக்கறவங்க எல்லாரும் உள்ள இருக்கணும். ஒருத்தர் கொறஞ்சாலும் செல்லாது. யாரு வெச்ச சட்டம்?"

"நான் படுக்கலன்னு பிப்ரவரியிலயே சொல்லியாச்சு."

"அஞ்சாவது படுக்கைய நீட்டினா கதவு தொறக்குமா, நடுவுல நடக்க வழி இருக்குமா, அதுல உக்காந்தா மூச்சு முட்டுமா? யாரு சொல்றது? நீ பாக்காத படுக்கைய நான் எப்படி வாங்கறது? நீதானக்கா பாக்காம எதையும் நம்பாதேம்ப."

டிரிகா நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டார். தர்க்கம் சரியாக இருந்தது. தன் சொந்தச் சரக்கை வைத்தே மடக்குகிறான் என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"மிரட்டறியா?"

"இல்லக்கா." நெலிஸின் குரல் இறங்கிவிட்டது. "இங்க டிராக்டர் வராது."

ஜன்னலில் மூன்றாவது தலை தெரிந்தது. இல்சா.

"என்ன டிராக்டர்?" என்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அத்தையை. "அத்தை, என்ன டிராக்டர்?"

டிரிகா கூரையை நிமிர்ந்து பார்த்தார். காது தானாகக் கணக்குப் போட்டது. சாரல் இல்லை இது, அடைமழையும் இல்லை.

"உள்ள தள்ளி உக்காருங்க" என்றார். "இது நிக்க இன்னும் ரெண்டு கெண்டி காபி ஆகும்."

நெலிஸ் ஜன்னலிலிருந்து மறைந்துவிட்டான். உள்ளே இருக்கையை நீட்டுகிற சத்தம் கேட்டது.

டிரிகா படியருகே குனிந்தார். நீல உறைகளை உருவிப் பைக்குள் திணித்தார். பூட்ஸ் கயிற்றின் முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது. நகத்தால் பிறாண்டினார், வரவில்லை. சுவர்களை அழுத்தி அழுத்தித் தட்டையான கட்டைவிரலை நடுவில் கொடுத்து நெம்பினார். ஒன்று அவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. கதவைத் திறந்து, வாசலில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, அவற்றைப் படியில் வைத்தார். கை பழகிய கை; மூக்கு தெருவைப் பார்க்கத்தான் வைத்தது.

காலுறையோடு எழுந்து உள்ளே திரும்பியவர் நின்றார். மறுபடி குனிந்தார். இடது பூட்ஸை எடுத்து உள்ளே, வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு வலதையும் எடுத்து, அதன் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டு, உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டார்.